வராத வள்ளம் எது?

பொன்னுதுரை சாருக்கு ஊர் மரியாதை செய்தது. அந்த மரியாதையில்தான் என் புருஷன் செத்தார்.

சார் நாசரேத்துக்காரர். புன்னைக்காயலுக்கு வடக்கே இருக்கும் எங்கள் கடற்கரை ஊருக்குக் கணக்கு வாத்தியாராக வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் திரும்பிப் போகவில்லை. பஞ்சாயத்துத் தலைவருக்கு நில்லுங்கள் என்று ஊரே கேட்டது, நின்றார், ஜெயித்தார். வகுப்பில் ஆஜர் எடுத்த பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. பொழுது சாய்ந்தால் கரைக்கு வந்து நின்று, "ஏலே, வராத வள்ளம் எது?" என்று சத்தம் போடுவார். ஒன்று குறைந்தாலும் தேட ஆள் அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். வாத்தியாருக்கு இன்னும் பள்ளிக்கூடம் விடவில்லை என்று நாங்கள் கேலி பேசுவோம்.

ஒரு நாள் சாயங்காலம் கரைக்கு வரும் வழியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆண்களெல்லாம் அவரைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். என் புருஷன் ஜெர்சன் மத்தியானமே தனியாக வலையெடுக்கப் போயிருந்தார். போன் போகவில்லை. கரையேறிய கையோடு சாரைப் பார்க்கப் போயிருப்பார் என்று நான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் நின்றவர்களோ அவர் வீட்டில் இருக்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள். கரையில் எந்த வள்ளம் இல்லை என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. அது சாருடைய வேலை.

விடியற்காலையில் கோயில் மணி துக்கத்துக்கு அடித்தது. சாரின் உடலைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லாரும் வேனிலிருந்து இறங்கினார்கள். ஜெர்சன் இறங்கவில்லை.

ஊர்க்கமிட்டித் தலைவர் சவேரியான் அண்ணாச்சியிடம் ஓடினேன். பெரிய மனிதர் இறந்தால் உடல் ஊரைவிட்டுப் போகும்வரை வள்ளம் கடலில் இறங்காது என்பது எங்கள் வழக்கம். எல்லா வள்ளங்களையும் மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, அவிய இன்னும் வரல. ரெண்டு வள்ளத்த எறக்கச் சொல்லுங்க."

"காத்தே இல்லளா, வந்துருவான். சாரை நாசரேத்துக்கு அனுப்பிட்டுப் போவோம். துட்டி வீட்டுல வள்ளத்த எறக்குனா ஊரு என்ன சொல்லும்?"

ஊர் என்ன சொல்லும்! ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வாலிபர்களிடம் கெஞ்சினேன். ஒவ்வொருவனும் அண்ணாச்சி முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். எல்லாரும் சாரிடம் படித்தவர்கள்தான்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது, வேறு வழியில்லாமல், உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாரின் மனைவி ஜெயஷீலா அக்காவிடம் போனேன். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய் என் புருஷனைக் கேட்கிறோமே என்று நா கூசியது. அக்கா என்னை முழுதாகச் சொல்லக்கூட விடவில்லை. எழுந்து நின்றார்.

"மாலையெல்லாம் கீழ வைங்க. வள்ளத்த எறக்குங்க. நீங்க திரும்புற வரைக்கும் சார் இங்கயே இருப்பாங்க."

அதற்குமேல் யாரும் அண்ணாச்சி முகத்தைப் பார்க்கவில்லை. விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள்.

பொழுது இறங்கும்போது ஜெர்சனைக் கொண்டுவந்தார்கள். மோட்டார் விசிறியில் சிக்கிய வலையை எடுக்கும்போது கை கிழிந்திருக்கிறது. ஒற்றைக் கையால், உடுத்தியிருந்த சாரத்தைக் கிழித்துக் கட்டுப் போட்டிருந்தார். கட்டெல்லாம் ரத்தம். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். மூச்சு இல்லை, ஆனால் உடம்பில் சூடு ஆறவில்லை.

"காலையிலயே..." என்று தொடங்கிய ஒருவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தும்பை விட்டு வாலைப் பிடித்தோம், வேறென்ன சொல்ல?

முதல் நினைவு நாளுக்குப் பஞ்சாயத்து ஆபீஸில் சாரின் படத்தைத் திறக்க ஏற்பாடு செய்தார்கள். முந்தின நாள் கோயில் மைக்கில் அண்ணாச்சி அறிவித்தார்: சாருக்கு மரியாதையாக நாளை ஒரு வள்ளமும் இறங்காது. கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஒண்ண மட்டும் எறக்கி வைங்க அண்ணாச்சி. எண்ணெய் ஊத்தி, ஆளையும் நிறுத்தி வைங்க. எவளாவது ஓடி வந்தா எடுக்கதுக்கு."

அவர் மைக்கை அணைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் அங்கே படத்துக்கு மாலை விழுந்துகொண்டிருந்தது. நானும், அதற்காக நாசரேத்திலிருந்து வந்திருந்த ஜெயஷீலா அக்காவும் கரையில் நின்று ஜெர்சனுடைய வள்ளத்தைத் தள்ளினோம். அது அசையவே இல்லை. அக்காவின் பட்டுச்சேலையெல்லாம் மணல். பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. சவேரியான் அண்ணாச்சி. கையிலிருந்த மாலையை மணலில் வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார்.

நான் அவரோடு இன்றுவரை பேசுவதில்லை. ஆனால் வள்ளம் இறங்கியது. பொழுது சாயும்வரை தண்ணீரில் நின்றது.