தேர் இல்லாத வடம்

சனிக்கிழமை சாயங்காலம் கங்காணி சந்தனம் புத்தம் புது வடம் ஒன்றைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, தேயிலைத் தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த கீழ் லயத்து வாசலில் வந்து நின்றார். சுடலைக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. கொழுந்துக் கூடை கிழிந்தால்கூட மாற்றித் தராத துரை, சும்மா வடம் வாங்குவாரா?

"நாளைக்கு மேல் லயமும் கீழ் லயமும் எதிரெதிரா நின்னு இதை இழுக்கணும். துரை உத்தரவு" என்றார் கங்காணி.

"எதுக்காம்?"

"ஒத்துமையா வெளையாண்டா வேலையில மனசு நிக்குமாம். ஒரு பய மலையெறங்கிப் போடி ஊருக்கு ஓட மாட்டானாம்."

"வடம் சரிதான். தேரு எங்க?" என்றான் சுடலை.

லயமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. போன மழைக்காலத்தில் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தி நழுவி வலது உள்ளங்கையைக் கிழித்ததிலிருந்து அவனுக்கு இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. கத்தியை இடது கைக்கு மாற்றி ஒப்பேற்றிக்கொண்டிருந்தான். விஷயம் பெண்டாட்டி மாரித்தாய்க்கு மட்டும் தெரியும். கங்காணிக்குத் தெரிந்தால் கூலிப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார். பேர் போனால் லயத்து அறையும் போகும். கீழே ஊரில் தலை சாய்க்க ஒரு கூரை கிடையாது. கை ஆகாதவனைப் பொறுக்கியெடுத்துத் துரத்தத்தான் இந்த விளையாட்டு என்று சுடலை முடிவுகட்டிவிட்டான்.

மறுநாள் துரை குதிரையில் வந்தார். புல்லில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கங்காணி வடத்தின் ஒரு முனையைத் தூக்கிக் காட்டி, "ம், பிடிங்க!" என்றதுதான் தாமதம், இரண்டு லயத்துச் சனமும் ஓடிப்போய் மறு முனையைப் பிடித்துக்கொண்டது. தேர் இழுத்தே பழகிய கூட்டம். எதிர்ப்பக்கம் கங்காணியைத் தவிர ஈ காக்கை இல்லை. ஒரே இழுப்பு. கங்காணி குப்புற விழுந்து, தலைப்பாகை ஒரு பக்கம் உருள, கோட்டைத் தாண்டி வந்து சேர்ந்தார்.

"எதிர்ல நில்லுங்கடா, மூதேவிகளா!"

"எதிர்ல நின்னு சாமியையா மறிக்கச் சொல்றீரு?" என்று கத்தினான் பக்கத்து அறை வீரபாண்டி.

இந்தக் கூத்தில் சுடலை வடத்தை இடது கையால் தொட்டுக்கொண்டு நின்று தப்பித்தான். ஆனால் துரையை விட்டு அவன் கண்ணை எடுக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். துரை மட்டும் வடத்தின் நீளத்தையும் அதைப் பிடித்திருந்த ஆட்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை தேர் வந்தது. மாட்டு வண்டியில் ஏற்றிய கொழுந்து உருட்டும் இயந்திரம். முழுக்க இரும்பு. மழையில் பாதை சரிந்த வளைவில் மாடுகள் படுத்துவிட்டன. அதே வடத்தை வண்டியில் கட்டி, எல்லாரையும் இழுக்கச் சொன்னார் துரை.

"தேரு எங்கன்னு நான் அன்னைக்கே கேட்டேன்லா?" என்று சுடலை முணுமுணுத்தான். சொல்லி ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை. சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிற இடமா இது?

கங்காணி ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டு வந்தார். "சுடலை, முன்னால வா. ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடி."

சுடலை போர்த்தியிருந்த கம்பளிக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை.

"சுடலை மாமாவை விடுங்க. அவரு சக்கரத்துக்குக் கட்டை போடட்டும்" என்றான் வீரபாண்டி. "வண்டி பின்னால உருண்டா மொத்தப் பேரும் கைலாசம்தான்."

"ஆமா, கட்டைக்கு அவருதான்" என்றது மேல் லயத்திலிருந்தும் ஒரு குரல்.

கங்காணி தலையாட்டினார். சுடலை சக்கரத்தின் பின்னால் போனான். ஒவ்வொரு இழுப்புக்கும் கட்டையைக் காலால் எத்தி முட்டுக் கொடுத்தான். இருட்டுவதற்குள் இயந்திரம் மேடேறிவிட்டது. அவன் கையை யாரும் பார்க்கவில்லை.

அறைக்கு வந்ததும் பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டான். "ஏட்டி, வீரபாண்டிகிட்ட நீதான சொன்ன?"

"நான் எதுக்குச் சொல்லணும்? போன மழையிலருந்து இடது கையால வெட்டுதீங்க. லயத்துல அத்தனை பேருக்கும் கண்ணு இருக்கு."

"அப்ப ஏன் ஒருத்தனும் கங்காணிகிட்டப் போட்டுக் குடுக்கல?"

மாரித்தாய் கஞ்சியை ஊற்றி வைத்தாள்.

"என்னத்தையோ மனசுல வச்சிருக்கானுவ" என்றான் சுடலை. வீரபாண்டிக்கு என்ன வேண்டியிருக்கும் என்று யோசித்து யோசித்ததில் கஞ்சி ஆறிப்போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துரை ஒரு தோல் பந்தைக் கொண்டுவந்து புல்வெளி நடுவே வைத்தார். எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள். சுடலை மட்டும், இந்தத் தடவை எது வரப்போகிறதோ என்று மலைப்பாதையின் வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.