எழுந்து போனவனைக் கூப்பிடாத கடை

விலை படியாவிட்டால் வாங்குகிறவன் எழுந்திருக்க வேண்டும். எழுந்தவனை விற்கிறவன் கூப்பிட வேண்டும். தாராவியில் பை வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை முறுக்குக்கு உள்ள மரியாதை இதற்கும் உண்டு.

காட்கோபரில் இருக்கும் என் கடைக்குப் பள்ளிக்கூடப் பைகளைக் கரீம் பாட்சாவிடம்தான் எடுப்பேன். அவர் போடும் ஜிப், பிள்ளைகள் இழுக்கிற இழுப்புக்குத் தாங்கும். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. என் அலமாரி காலி. அன்று பார்த்து அவர் ஊருக்குப் போயிருந்தார். கல்லாவில் அவருடைய மருமகன் ஆஷிக். கையில் போன்.

"தம்பி, கடைசியா ஒரு விலை சொல்லு."

"அதே ரேட்டுதான் அண்ணாச்சி."

கண் போனைவிட்டு நகரவில்லை. அதில் எவனோ பாறையிலிருந்து ஆற்றுக்குள் குதித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் வாரேன்" என்று எழுந்தேன்.

சட்டையை உதறினேன். செருப்பை ஒவ்வொன்றாக மாட்டினேன். வாசலில் நின்று வானத்தைப் பார்த்தேன். கரீம் பாட்சாவாக இருந்தால் இதற்குள் கையைப் பிடித்து உட்காரவைத்து, டீ வரவழைத்து, தன் குடும்பமே பட்டினி கிடக்கிற கதையைப் பாதி சொல்லியிருப்பார். ஆஷிக் கட்டைவிரலால் அடுத்த வீடியோவைத் தள்ளினான்.

சந்தில் இறங்கினேன். தையல் மிஷின் சத்தத்தில் அவன் குரல் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று மெதுவாக நடந்தேன். திரும்பிப் பார்க்க முடியாது. தானாகத் திரும்பிப் போனால் இனி எந்நாளும் அவன் சொன்னதுதான் விலை. ஆத்திரத்தில் காது சுட்டது. 'போய்யா' என்று விரட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அதற்காவது அவன் என்னைப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை பெரிய உடம்பு எதிரே எழுந்து போகிறது, அவனுக்குத் தெரியவே இல்லை!

"அண்ணாச்சி, இப்படிக் கோவிச்சுக்கிட்டுப் போனா எப்படி? வாங்க!"

குரல் எதிர்க்கடை நூர் நிஷாவுடையது. அந்தக் கடையை நான் மிதித்ததே இல்லை.

"ஒங்கிட்ட நான் விலையே கேக்கலியே, தங்கச்சி."

"கேக்காட்டி என்ன? அந்தப் புள்ள கூப்பிடும்னு நடக்கீங்க பாருங்க ஒரு நடை, எனக்குப் பாக்கச் சகிக்கல. உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் சொன்ன விலை அநியாயம். எழுந்தேன், முதுகு நிமிரும் முன்னே கூப்பிட்டாள். ஜிப்பைக் குறை சொல்லி மறுபடி எழுந்தேன். மறுபடி கூப்பிட்டு, உள்ளேயிருந்து நல்ல ஜிப் வைத்த சரக்கை எடுத்துப் போட்டாள். முதலிலேயே காட்டியிருந்தால் அவள் வியாபாரியே இல்லை.

விலை படிந்து, டெம்போவில் மூட்டை ஏறும்போது ஆஷிக் ஓடிவந்தான், போனும் கையுமாக.

"என்ன அண்ணாச்சி, சொல்லாமக் கொள்ளாம? கொறச்சுத் தரலாம்னுதான் இருந்தேன்."

"எப்பலே?"

"நீங்க உள்ளதான் இருக்கீங்கன்னுல்லா நெனச்சேன்!"

அந்த முகத்தில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"மாமாகிட்டச் சொல்லிராதீங்க அண்ணாச்சி."

"நான் எதுக்குச் சொல்லணும்? நான் போனதை இந்தச் சந்தே பாத்துச்சு. ஒன்னத் தவிர."

டிரைவரை வண்டியை எடுக்கச் சொன்னேன்.