கனவில் வைத்த பெயர்

லீலண்ட் ப்ரூவிட் தன் கனவுகளையும் போலீசுக்குத் தெரிவித்து வந்தார்.

சட்டம் ஒன்றும் கனவைக் கேட்கவில்லை. பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் இருப்பவர், இணையத்தில் எந்தப் புதுப் பெயர் வைத்துக்கொண்டாலும் ஒரு நாளுக்குள் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் படிவம் அனுப்ப வேண்டும். தவறினால் சிறை. ஏற்கெனவே பத்து வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்த எழுபது வயதுக்காரருக்கு, பயம் விழிப்போடு நின்றுவிடுமா என்ன? கண் விழித்ததும், கனவில் எந்தப் பெயரைத் தட்டினாரோ அதைப் படிவத்தில் எழுதி, கடல்பனிக்குள் நடந்துபோய்த் தபால்பெட்டியில் போட்டுவிடுவார்.

அந்த உறைகளைப் பிரிப்பவள் ஆல்டர் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தின் பதிவு எழுத்தர் வெர்னா டோலஃப்சன். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. லீலண்டை அவளுக்குப் பிடிக்காது. அவர் ஒரு பெண்ணுக்குச் செய்ததைக் கோப்பில் படித்தவளுக்கு எப்படிப் பிடிக்கும்? கடிதங்களை மட்டும் பிடித்திருந்தது. "எந்தத் தளம்" என்ற கட்டத்தில் ஒருமுறை, "தண்ணீருக்கு அடியில் இருக்கும் நூலகம். மீன்கள் வரிசையில் நின்றன. என் முறை வந்ததும் கணினி பெயர் கேட்டது" என்று எழுதியிருந்தார். பெயர்: மூன்றாம்படகு.

வெர்னாவுக்குக் கனவே வருவதில்லை. பதினோரு மணிக் காப்பியோடு அந்த வரிகளைப் படித்தால் ஜன்னலுக்கு வெளியே பனி மெதுவாக அசைவதுபோல் இருக்கும், மேஜைகூடக் கொஞ்சம் மிதக்கும். கனவை எந்தக் கணக்கில் ஏற்றுவது என்று தெரியாததால் ஏட்டில் பதியாமல், அவற்றைத் தன் மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

மார்ச் மாதம் ஒரு காலை துப்பறிவாளர் அரியாகா காகிதம் ஒன்றை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"உங்க ப்ரூவிட் மாட்டிக்கிட்டான் வெர்னா. கோர்ட் ஆர்டர் போட்டு இன்டர்நெட் கம்பெனிகிட்ட கேட்டிருந்தோம்ல, பதில் வந்துடுச்சு. அவன் பேர்ல இருக்கிற லைன்லேருந்து ஆறு யூசர்நேம் ஓடுது. நம்ம ஏட்டுல அஞ்சுதான் இருக்கு."

"ஆறாவது என்ன?"

"மூன்றாம்படகு. பழைய படகு மோட்டார் ரிப்பேர் பண்றவங்க பேசிக்கிற இடமாம். எங்க பேசினா என்ன, சொல்லலைன்னா உள்ளதான். இந்த வயசுல போனா திரும்ப மாட்டான்."

வெர்னாவின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது இழுப்பறை. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. கெட்ட மனிதன் உள்ளே போவான், தான் கேக் வெட்டிவிட்டு ஓய்வுபெறலாம். இப்படி நினைத்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மதியம் லீலண்டை அழைத்து வந்தார்கள். ஈரக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். வெர்னா குறிப்பெடுக்க ஓரமாக அமர்ந்தாள்.

"இந்தப் பேரை ஏன்யா மறைச்சே?" என்றார் அரியாகா.

"மறைக்கலையே சார். பிப்ரவரியிலேயே எழுதிப் போட்டேனே."

"அக்கவுன்ட்டே போன வாரம்தான் திறந்திருக்கே. பிப்ரவரியில எப்படி எழுதுவே?"

"அது கனவுல வெச்ச பேரு சார். போன வாரம் நிஜமாவே மோட்டார் பத்தி ஒண்ணு கேக்கணும்னு அந்த சைட்டுக்குள்ள போனேன், பேர் கேட்டுச்சு. புதுசா வெச்சா மறுபடியும் படிவம் போடணும், ஒரு நாள் தவறினாலும் வம்பு. ஏற்கெனவே உங்ககிட்ட சொல்லி வெச்ச பேராச்சே, பத்திரமா இருக்கும்னு அதையே போட்டேன்."

அரியாகா சிரித்தார். "கனவுல வெச்ச பேராம். ஜட்ஜ்கிட்ட சொல்லு, தூங்கிட்டே கேப்பார்."

லீலண்ட் சிரிக்கவில்லை. வெர்னாவையும் பார்க்கவில்லை. தன் படிவங்களை யார் பிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. வெர்னா பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் முப்பத்தொரு படிவங்கள் இருந்தன, எல்லாவற்றிலும் தபால் முத்திரையோடு உறை இணைத்திருந்தது. பிப்ரவரி ஒன்பதாம் தேதிப் படிவத்தை மேலே வைத்தாள்.

"அனுப்பியிருக்கார். நான்தான் ஏட்டுல ஏத்தலை."

அரியாகா நீரடி நூலகத்தை இரண்டுமுறை படித்தார். "ஏன் வெர்னா?"

"படிக்க நல்லா இருந்துச்சு," என்றாள். அதைவிட நல்ல பதில் அவளிடம் இல்லை.

லீலண்டை விட்டுவிட்டார்கள். வெர்னாவை நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். விசாரணை நடந்தது, மாத இறுதியோடு கேக் இல்லாமலே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். போவதற்கு முன் அவள் செய்த வேலைகளில் ஒன்று, அரியாகா சொன்னபடி லீலண்டுக்கு அலுவலகக் கடிதம் எழுதியது: கனவில் வைக்கும் பெயர்களைத் தெரிவிக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போடும்போது மனது லேசானது. அவரை மன்னிக்க அவள் யார்? ஆனால் தூங்கவாவது செய்யட்டும்.

கடைசி நாள் தபாலில் அவருடைய படிவம் வந்தது. பெயர் என்ற கட்டம் காலி. கீழே இப்படி எழுதியிருந்தார்:

"நேற்றுக் கனவில் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனிக் கனவுகளைத் தெரிவிக்க வேண்டாம் என்று இருந்தது. கையெழுத்து, வெர்னா டோலஃப்சன். எதற்கும் இருக்கட்டும் என்று தெரிவிக்கிறேன்."

வெர்னா தேதி முத்திரையைக் குத்தி, அதை ஏட்டில் ஏற்றினாள்.