பிடுங்கி வைத்த வயர்

நிரல் எழுதும் எடிட்டரின் ஓரத்தில் அதே சிவப்பு வரி மறுபடியும் வந்தது: ‘கருவி கிடைக்கவில்லை.’ நிரலின் வரிகளை ஒழுங்குபடுத்தும் அந்தக் கருவியை அவள் மீண்டும் மீண்டும் நிறுவிவிட்டாள். தனியாகக் கட்டளை கொடுத்தால் ‘இருக்கிறேன்’ என்று பதில் வருகிறது. எடிட்டருக்குள்ளிருந்து அதைக் கூப்பிடும் துணை நிரலான எக்ஸ்டென்ஷனின் கண்ணில் மட்டும் அது படவில்லை. மாலை வகுப்புக்குள் நிரலை ஒழுங்குபடுத்தி அனுப்பாவிட்டால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். எங்கே தப்பு செய்தோமோ என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் சரிபார்த்தாள். கடைசியில் வகுப்புத் தோழி சோடாபுட்டிக்குப் போன் போட்டாள்.

“டீச்சரம்மா,” என்று வழக்கமான கேலியோடு தொடங்கினாள் தோழி. “அது உங்க அண்ணன் லேப்டாப்தானே? எடிட்டர்ல கீழே இடது மூலையைப் பாரு. ஏதாவது பேர் இருக்கா?”

இருந்தது. அண்ணனின் மேசைக் கம்ப்யூட்டருக்கு அவன் வைத்த பெயர்.

“அப்புறமென்ன! எடிட்டர் நெட்வொர்க் வழியா அந்த மெஷின்ல உட்கார்ந்திருக்கு. கருவியை லேப்டாப்ல வச்சுட்டு அங்க தேடச் சொன்னா கிடைக்குமா? அங்க போடு. தொடர்பை மட்டும் துண்டிச்சுடாதே. நீ எழுதினதெல்லாம் அங்கதான் இருக்கும்.”

போனை வைத்துவிட்டு அண்ணனின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் இறந்ததிலிருந்து அவன் அறை பூட்டியே கிடக்கிறது.

“அம்மா, அண்ணன் கம்ப்யூட்டர் ஓடுதா?”

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். “என்னடி உளறுறே? அதோட கரண்ட் வயரை அன்னிக்கே பிடுங்கி வச்சுட்டேனே.” இழுப்பறையைத் திறந்து காட்டினாள். கறுப்பு வயர் சுருட்டியபடியே கிடந்தது.

தான்தான் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டே எடிட்டருக்குள் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, கருவியை அங்கே நிறுவினாள். பூட்டிய கதவுக்குப் பின்னால் கம்ப்யூட்டரின் விசிறி மெல்லச் சுழலத் தொடங்கும் சத்தம் கேட்டது. சிவப்பு வரி மறைந்தது. கோணல்மாணலாக இருந்த வரிகள் அணிவகுத்து நின்றன.

ஒவ்வொரு பகுதியின் கீழும் ‘இது சரியா?’ என்று குறிப்பு எழுதுவது அவள் வழக்கம். கடைசிக் குறிப்பின் கீழே அவள் எழுதாத ஒரு வரி இருந்தது.

‘சரிதான் கொசு. சீக்கிரம் அனுப்பு.’

அவளைக் கொசு என்று கூப்பிட்டவன் அண்ணன் ஒருவன்தான்.

கோப்பை லேப்டாப்பில் நகலெடுத்தாள். அந்த வரியை நகலிலிருந்து மட்டும் நீக்கிவிட்டு வகுப்புக்கு அனுப்பினாள். ‘பெற்றுக்கொண்டோம்’ என்று பதில் வந்தது. இனி தொடர்பைத் துண்டிக்கலாம். விரல் அந்தப் பொத்தான்வரை போய்விட்டுத் திரும்பியது.

அம்மா வயரைப் பிடித்தபடி பூட்டிய அறையின் கதவோரம் நின்று விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவன் எப்பவும் இப்படித்தான்,” என்றாள் தாழ்ந்த குரலில். “பத்துத் தடவை கூப்பிட்டாத்தான் பதில் சொல்லுவான். நீ கிளம்புடி, வகுப்புக்கு நேரமாச்சு. லேப்டாப்பை மட்டும் மூடாதே.”