நாணிலிருந்து கழற்றிய வளையம்

அந்த வளையத்தைக் கழற்றிவிடலாம் என்று முதலில் சொன்னது நானா, லேலண்டா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. பல வருடங்கள் அவன்தான் சொன்னான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவன் குரலிலேயே அந்த வார்த்தைகள் காதில் விழும். ஆனால் சில நாட்கள் விடியலில் விழித்துக்கொண்டு படுத்திருக்கும்போது அதே வார்த்தைகள் என் குரலில் கேட்கின்றன. எது நடந்தது, எது நான் பின்னால் சேர்த்துக்கொண்டது என்று பிரிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் இருந்தால் நன்றாக இருக்கும்.

லேலண்டும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் எங்கள் ஊர். அவன் நாற்பது வருடம் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் லாரி ஓட்டினான். நான் ஊராரின் வேட்டை வில்களுக்கு நாண் மாற்றுவது, குறி சரிபார்ப்பது என்று வீட்டுக் கொட்டகையிலேயே காலம் தள்ளினேன். இருவரும் ஆர்டிஸ் த்வேட்டன் என்ற விதவையின் நிலத்தில்தான் மான் வேட்டைக்குப் போவோம். இருபத்திரண்டு வருடங்களாக அங்கேதான்.

அனுமதி என்றால் எழுத்தில் எதுவும் கிடையாது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவளுடைய சமையலறைக் கதவைத் தட்டி, தொப்பியைக் கழற்றி, இந்த வருடமும் வரலாமா என்று கேட்க வேண்டும். வேட்டைக்கறியில் செய்த சாஸேஜ் ஒரு சுருள் கொண்டுபோவோம். அவள் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வருடமும் அதே வாக்கியத்தைச் சொல்வாள்: "அடிச்சதைத் தேடிப் பிடிச்சிடணும். முடியாதுன்னா அடிக்கவே கூடாது." எப்போதோ யாரோ அடித்துவிட்டுத் தேடாமல் போன மான் ஒன்று அவளுடைய கன்றுகள் தண்ணீர் குடிக்கும் ஊற்றில் செத்துக் கிடந்ததாம். அதிலிருந்து அந்த வாக்கியம்.

லேலண்டுக்கு முழங்கால் போய்விட்டது. அரசாங்கக் காடுகளில் மேடும் பள்ளமும் ஏறி இறங்க அவனால் ஆகாது. ஆர்டிஸின் நிலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இருநூறு அடி நடந்தால் அவன் பரண். அந்த இடம் போனால் அவனுக்கு வேட்டையே போனது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்களுக்கு அறுபத்தொரு வயதான அந்த இலையுதிர் காலத்தில், நவம்பர் முதல் வாரம் வியாழக்கிழமை, லேலண்ட் வில்லைத் தூக்கிக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தான். நாணின் இழைகளுக்கு நடுவே செருகிக் கட்டியிருக்கும் சின்ன வளையத்தைப் பீப் என்போம். நாணை இழுத்ததும் அந்தத் துளை கண்ணுக்கு நேரே வரும். அதன் வழியாக வில்லில் பொருத்திய குறிமுள்ளைப் பார்த்து அம்பை விடவேண்டும். சூரியன் மறைந்த பிறகு இருபது நிமிடம்தான் சட்டப்படி அம்பு விடலாம். பெரிய கொம்பன்கள் வருவதும் அப்போதுதான். அந்த இருபதில் கடைசிப் பத்து நிமிடம் துளைக்குள் வெறும் கறுப்புதான் தெரிகிறது என்றான். கண்ணில் புரை விழுந்திருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். அறுவை சிகிச்சையை இவன் சீசன் முடியட்டும் என்று தள்ளிவைத்திருந்தான்.

பெரிய துளையுள்ள வளையம் என் இழுப்பறையில் இருந்தது. அதைப் போட்டிருக்கலாம். ஆனால் நான் முப்பது வருடங்களாக வளையமே இல்லாமல் அடிப்பவன். அதைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் உண்டு. நாண் மூக்கு நுனியிலும் உதட்டோரத்திலும் அதே இடத்தில் பட்டால் போதும், முகமே வளையம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவேன்.

"உனக்கு அந்த மூக்கு இருக்கு. அதுல நாணென்ன, சட்டையே மாட்டலாம். எனக்கு எங்கடா இருக்கு?" என்றான் லேலண்ட்.

எப்படியோ பேச்சு முடிந்து, நான் வில்லை எந்திரத்தில் வைத்து நாணைத் தளர்த்தி வளையத்தை எடுத்தேன். அவன் கொல்லையில் நின்று இருபது கஜத்தில் ஆறு அம்பு விட்டான். மதியம் இரண்டு மணி வெயில். ஆறும் ஒரு காப்பித் தட்டுக்குள் விழுந்தன. இன்னும் அடிக்கட்டுமா என்று கேட்டான். மாவிஸ் சாப்பாட்டுக்குக் காத்திருப்பாள், போதும் என்றேன். மாவிஸ் அவன் மனைவி. நூறு அம்பாவது விடச் சொல்லிப் பார்க்காமல் யாருக்கும் நான் வில்லைத் திருப்பித் தந்ததில்லை. அந்தி வெளிச்சத்தில் ஒருமுறை விட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. பகலில் நாணின் நிழல் கண்ணோரம் மங்கலாகத் தெரியும்; அதை வைத்துத் தலையை நேராக்கிக்கொள்ளலாம். இருட்டினால் நாணும் தெரியாது. அப்போது மூக்கும் உதடும் மட்டும்தான் துணை. அதையும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நல்ல குளிர். நான் மேட்டுப் பரணில், அவன் ஊற்றுப் பக்கப் பரணில். வெளிச்சம் வடிந்து, மரங்களும் அவற்றின் இடைவெளிகளும் ஒன்றாகிக்கொண்டிருந்தபோது கீழே நாணின் சத்தம் கேட்டது. பிறகு ஓட்டம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததில் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் இறங்கிப் போனபோது அவன் அம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ரத்தம் குறைவு. பச்சையும் பழுப்புமாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை, நின்ற இடத்திலேயே நாறியது. வயிற்றில் பட்டிருக்கிறது. குறி வைத்த இடத்துக்கு ஒரு முழம் பின்னால்.

வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தக் கூடாது. விட்டால் பக்கத்திலேயே படுத்துச் சாகும்; துரத்தினால் மைல் கணக்கில் ஓடும். விடியும்வரை காத்திருப்பதுதான் முறை. அதைச் சொன்னேன். அவன் தலையசைத்தான். வண்டியில் உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டான். கழுத்திலிருந்த கம்பளி முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்.

"குளிருக்கு மூஞ்சிய மூடியிருந்தேன்டா டெல். மூக்குல நாண் பட்டதே தெரியல. மூடினா குறி மாறுமா?"

மாறும். எல்லாமே மாறும். முப்பது வருடத்தில் நான் ஒருநாளும் முகத்தை மூடிக்கொண்டு அடித்ததில்லை.

"கொஞ்சம்" என்றேன்.

அவன் முகமூடியை மடித்துப் பைக்குள் வைத்தான். நாங்கள் பிரிந்தபோது மழைத்தூறல் ஆரம்பித்திருந்தது.

விடிந்ததும் போனோம். மழை ரத்தத்தையெல்லாம் கழுவிவிட்டிருந்தது. லேலண்ட் காலை இழுத்து இழுத்து ஒவ்வொரு புதராகக் குனிந்து பார்த்தான். இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். கன்றுக் கொட்டில் பக்கமிருந்து துப்பாக்கிச் சத்தம் ஒன்று கேட்டது. சின்னத் துப்பாக்கி. இருவரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்தோம்.

ஆர்டிஸ் கொட்டில் சுவரோரம் நின்றிருந்தாள். எழுபத்தெட்டு வயது. ரப்பர் பூட்ஸ், கணவனுடைய பழைய கோட்டு, கையில் அவனுடைய துப்பாக்கி. மான் காலடியில் கிடந்தது. கன்றுகளுக்குத் தீனி போட வந்தபோது எழுந்திருக்க முடியாமல் முன்காலை மட்டும் உதைத்துக்கொண்டிருந்ததாம். எவ்வளவு நேரம் அப்படி இருந்ததோ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. 

யார் அடித்தது என்று கேட்டாள். நான்தான் என்றான் லேலண்ட். எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்டாள். அவன் மானையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் என்னைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி. அவன் வில்லைக் கெடுத்தது நான். அதைச் சொன்னால் இருவரையுமே வரவேண்டாம் என்பாள் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதா, இல்லை என்னை மட்டும் வரவேண்டாம் என்பாளோ என்று பயந்தேனா? அதைத் தெரிந்துகொள்ள நான் அதிகம் முயன்றதில்லை.

"அவனுக்குக் கண்ணு சரியில்ல ஆர்டிஸ். டாக்டரு ஆபரேஷன் பண்ணணும்னாரு. சீசன் முடியட்டும்னு தள்ளிப்போட்டுட்டான்" என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை.

"தெரிஞ்சுமா கூட்டிட்டு வந்தே? நீ சொல்லலியா அவன்கிட்ட?"

"சொன்னேன்" என்றேன். அது பொய்.

லேலண்ட் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். மறுத்திருக்கலாம். வியாழக்கிழமை நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். நான் அதற்காகக் காத்துக்கொண்டுதான் நின்றேன். அவன் தொப்பியைக் கழற்றினான்.

"அப்ப லேலண்ட், நீ இனிமே வராதப்பா. டெல் வரட்டும்" என்றாள் ஆர்டிஸ்.

"சரிங்க ஆர்டிஸ்" என்றான். அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்ததற்கு மன்னிக்கச் சொன்னான். துப்பாக்கியை வாங்கிச் சுத்தம் செய்து தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் இருவருமாக மானை வண்டியில் ஏற்றினோம். திரும்பும் வழியில் அவன் ரேடியோவைப் போட்டான். பால் விலையும் வானிலையும் சொன்னார்கள். என் வீட்டு வாசலில் நிறுத்தி, பாதிக்கறி தேறும், வந்து எடுத்துக்கொள் என்றான். நான் போகவில்லை.

ஜனவரியில் கண்களைச் சரிசெய்துகொண்டான். ஆகஸ்டில் நான் தனியாகச் சாஸேஜோடு ஆர்டிஸ் கதவைத் தட்டினேன். லேலண்டுக்குக் கண் எப்படி என்று அவளாகவே கேட்டாள். இப்போது நன்றாகத் தெரிகிறது என்றேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மேலே ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன். சொன்னால் கேட்டிருப்பாள். இந்த வருடம் வைக்கோல் எப்படி என்று விசாரித்தேன். மூன்றாம் அறுப்பு சுமார்தான் என்றாள்.

அந்த நிலத்தில் நான் இன்னும் மூன்று சீசன் போனேன். நாலாவது வருடம் வசந்தத்தில் ஆர்டிஸ் இறந்துபோனாள். அவள் மகள் நிலத்தை மில்வாக்கிக்காரர் ஒருவருக்கு விற்றாள். அவர் யாரையும் விடுவதில்லை. லேலண்ட் தன் வில்லைச் சர்ச் ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு, மாவிஸோடு லா கிராஸ் நகரில் மகள் வீட்டுப் பக்கம் குடிபோனான். மாவிஸ் போன குளிர்காலத்தில் காலமானாள். அடக்கத்துக்குப் போனேன். அவன் என் கையைப் பிடித்து, வந்ததற்கு நன்றி என்றான். நான் கொட்டகையை மூடிவிட்டேன். இப்போது வேட்டைக்குப் போவதில்லை.