ஞாயிற்றுக்கிழமை முறை

சனிக்கிழமை சாயங்காலம் மில் குழாயடியில் சேக் இஸ்மாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். நோன்பு திறக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பக்கத்தில் நின்ற ஞானமுத்து வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

“நோன்பாளி கண்ணு முன்னால திங்கிறியே மாப்ள, ஒங்க வேதத்துல இதுக்கு நரகம் கிடையாதா?”

“ஒங்களுக்கும் ஒரு பிடி வச்சிருக்கேன் மாமா, பொறுங்க.”

இருவரும் அடுத்தடுத்த மெஷினில் நூல் நூற்பவர்கள். வெள்ளிக்கிழமை இஸ்மாயில் ஜும்மாவுக்குப் போனால் இரண்டு மெஷினையும் ஞானமுத்து பார்ப்பான். ஞாயிறு, மில் நிற்கும் நாளில், மேலே ஓடும் இரும்புத் தண்டில் படிந்த பஞ்சை ஏணி வைத்துத் துடைக்க ஆள் முறை உண்டு. ஞானமுத்துவின் முறை வந்தால் இஸ்மாயில் ஏறுவார். அவன் வேதக் கோயிலுக்குப் போவான். மேஸ்திரி சுருளி கண்டும் காணாமல் இருந்தார். நோன்பு மாதத்தில் மட்டும் இந்த மாற்று இல்லை. அது அவர்களுக்குள் பேச்சு.

“நாளைக்குத் திருவிருந்து ஆராதனை மாமா. போகலைன்னா உபதேசியார் வீடு தேடி வந்துருவாரு” என்றான் ஞானமுத்து.

“அதுக்கு ஏன் இம்புட்டு இழுக்குற? போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்.”

“நோன்போட ஏணி ஏறணுமே?”

“ஏறப்போறது காலுதான, வயிறா?”

உண்மையில் திருவிருந்து அடுத்த வாரம்தான். திருப்பரங்குன்றத்தில் சகலை கிருபாகரன் கிடாய் அடித்திருந்தான். ஞாயிறு பதினொரு மணிக்கு ஞானமுத்து அங்கே இலை முன்னால் உட்கார்ந்து இரண்டாம் தடவை குழம்பு ஊற்றச் சொன்னான். அந்த நேரத்தில்தான் இஸ்மாயில் ஏணியிலிருந்து கீழே விழுந்தார். தலை மெஷின் விளிம்பில் பட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போதே மூச்சு இல்லை.

மறுநாள் மில்லின் வெள்ளைக்காரத் துரை விசாரித்தார். உன் முறைக்கு அவன் ஏன் ஏறினான் என்று சுருளி மொழிபெயர்த்துக் கேட்டார்.

“கோயிலுக்குப் போயிருந்தேன்” என்றான் ஞானமுத்து. வெள்ளிக்கிழமைக் கதையையும் சொன்னான். அது நிஜம் என்பதால் வாயில் தடையில்லாமல் வந்தது.

மூன்றாம் நாள் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தொழுகைக்கும் ஆராதனைக்கும் மேஸ்திரியிடம் சொல்லி முறை மாற்றிக்கொள்ளலாம். ஏணியைப் பிடிக்க இன்னொருவர் நிற்க வேண்டும். மில்லில் வேலை பார்க்கும் அப்துல் வஹீது ஓடிவந்து ஞானமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ உள்ளதைச் சொன்னதாலதான்டா எங்களுக்கு ஜும்மா கிடைச்சுச்சு.”

நாற்பதாம் நாள் கழிந்து ஞானமுத்து சிம்மக்கல்லில் இஸ்மாயில் வீட்டுக்குப் போனான். சொல்லிவிடத்தான் போனான். புருஷன் இறந்து இத்தா காலத் தனிமையில் இருந்த அவர் மனைவி சைனப் கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

“சாப்பிட்டீங்களாண்ணே?”

“ஆச்சும்மா. ஒரு சங்கதி சொல்லணும். அன்னைக்கு நான்…”

“வேணாம்ணே. எல்லாரும் சொன்னாக. ஆண்டவனைத் தொழப் போன மனுசன் மேல என்ன குத்தம் இருக்கு? ஒங்கள அனுப்பி வச்சதுல அவுகளுக்கும் நன்மை உண்டு. அதை நெனச்சுத்தான் நான் சோறு திங்கிறேன்.”

திரை அசையவில்லை. சொன்னால் அவள் அந்தச் சோற்றையும் தள்ளிவிடுவாள். சேதி மில்லுக்கு எட்டினால் நோட்டீஸைக் கிழித்துவிடுவார்கள். இரண்டும் சரியான காரணங்கள்தான். ஆனால் அவன் வாயை மூடியது அவை தோன்றுவதற்கு முன்பே. அது அவனுக்குத் தெரியும்.

“வாரேம்மா” என்று எழுந்தான்.

பிறகு உலகச் சண்டை வந்து முடிந்தது. துரை கப்பலேறினார், சுருளி போய்ச் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை ஆனால் மில்லின் முஸ்லிம் ஆட்கள் யாரையும் கேட்காமல் பள்ளிவாசலுக்குப் போய்வருகிறார்கள்.