தொழுவம் உள்ள வீடு

வீட்டுக்கார விஜயம்மா சாதாரணமாகத் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவாள். காரியம் என்று வந்துவிட்டால் முழு மலையாளம். அன்று காலை அவள் முற்றத்தில் வந்து நின்று, "சரோஜம், ஒரு காரியம் பறயான் உண்டு" என்று தொடங்கியபோதே சரோஜத்துக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மகளும் மருமகனும் மஸ்கட்டை விட்டு ஒரேயடியாகத் திரும்பி வருகிறார்கள். அவர்களுக்கு இந்த வீடு வேண்டும். ஓணத்துக்கு முன்னால் ஒழிந்து கொடுத்தால் பெரிய உபகாரம்.

சரோஜத்துக்குக் கோபம் வரவில்லை. விஜயம்மா கெட்டவள் இல்லை. வாடகை ஒரு வாரம் தள்ளிப் போனாலும் முகம் கறுக்காத மனுஷி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சரோஜமும் மோகனனும் குடியிருக்கும் ஐந்தாவது வீடு இது. முன்பு விட்டு வந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. ஓர் இடத்தில் வீட்டுக்காரரின் தம்பிக்குக் கல்யாணம். இன்னொரு இடத்தில் ரோட்டை அகலமாக்க முன்பக்கத்தை இடித்தார்கள். யாரும் அவளைத் துரத்தியதில்லை. போகச் சொன்னவர்கள் எல்லாரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். போகும்போது அவளும் சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளைச் சோப்பு வைத்து அடைத்து, அடுக்களைக் கரியைத் தேய்த்துக் கழுவி, பின்னால் ஒரு பேச்சு வராதபடிதான் சாவியைக் கொடுப்பாள்.

மோகனன் பாறசாலை பஸ் டிப்போவில் டிரைவர். டூட்டி முடிந்து வந்ததும் அவனிடம் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "வேற வீடு பாப்போம். இந்த நாட்டில வாடகை வீட்டுக்கா பஞ்சம்?" என்றான்.

"வேண்டாம். இனி வாங்கணும்."

அவன் திரும்பிப் பார்த்தான். வாங்குவதைப் பற்றி அவர்கள் முன்பும் பேசியதுண்டு. ஒவ்வொரு தடவையும் அவன் தன் அண்ணன் சதாசிவனைக் கொண்டுவந்து நிறுத்துவான். இப்போதும் அதுவேதான்.

"நெய்யாற்றின்கரையில அண்ணன் வீடு வச்சானே, அதுக்குப் பொறவு அவன் மனசு விட்டுச் சிரிச்சு நீ பாத்திருக்கியா? ஓடு மாத்தணும், மதில் கெட்டணும், லோன் அடைக்கணும். எனக்கு நாளைக்கு டிரான்ஸ்பர் வந்தா வீட்டைத் தோளில தூக்கிட்டா போவ முடியும்? வாடகைன்னா ஒரு லாரி பிடிச்சா போதும்."

"உங்களுக்கு டிரான்ஸ்பர்னா ஆர்டராவது காயிதத்தில வரும். எனக்கு அதுவும் இல்லை. முற்றத்தில வந்து நின்னு சொல்லிட்டுப் போறாவ."

மோகனன் குளிக்கப் போனான். அவன் சொன்னதில் பொய் இல்லை என்று சரோஜத்துக்கும் தெரியும். முன்பு இருந்த அமரவிளை வீட்டில் பக்கத்து வீட்டுக்காரன் குடித்துவிட்டு நாள்தோறும் சண்டைக்கு வந்தபோது, சொந்த வீடாக இருந்தால் ஆயுசு முழுக்க அவன் முகத்தில் விழிக்க வேண்டியிருந்திருக்கும். வாடகை வீடு என்பதால் ஒரு மாதத்தில் தப்பித்தார்கள். அந்தச் சுகம் அவளுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் சமீபகாலமாக அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. புது வீட்டுக்குப் போனால் சில பெட்டிகளைப் பிரிப்பதே இல்லை. கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த பெரிய வெண்கல வார்ப்புப் பாத்திரம் இரண்டு வீடுகளாகச் சாக்குக்குள்ளேயே இருக்கிறது. எடுத்தால் திரும்பக் கட்ட வேண்டுமே என்ற எண்ணம். அதை நினைத்தபோது, மீதி வாழ்க்கையையும் சாக்குக்குள் வைத்தே கழித்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து மோகனனே தகவல் கொண்டுவந்தான். தனுவச்சபுரத்தில் காலேஜுக்குப் பின்பக்கம், பொன்னையன் என்பவரின் ஓட்டு வீடு. மூன்று அறை, கிணறு, சுற்றிலும் கொஞ்சம் இடம். அவர் மகனோடு திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டார், விற்றுவிட நினைக்கிறார். சொசைட்டியில் லோன் கிடைக்கும் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் போனார்கள். பொன்னையன் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தார். நடக்கும்போதே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"உள்ள வாடகைக்கு ஆள் உண்டு. அவியகிட்ட இன்னும் விற்கிற காரியம் சொல்லல்ல. நீங்களும் ஒண்ணும் காட்டிக்கிட வேண்டாம். நம்ம சொந்தக்காரவியன்னு சொல்லிக்கிடலாம்."

சரோஜம் மோகனனைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான்.

வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சத்தியபாய் என்று பெயர் சொன்னார் பொன்னையன். கணவன் செல்லையன் கள்ளிக்காட்டுப் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவன். வாரக் கடைசியில்தான் வருவான். அன்று சர்ச்சில் ஏதோ கூட்டம் என்று போயிருந்தான். இவள் மாடு வளர்த்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பால் கொடுக்கிறாள். கொல்லையில் ஓடு வேய்ந்த தொழுவத்தில் சினை மாடு ஒன்று அசை போட்டுக்கொண்டு நின்றது.

வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் என்றதும் சத்தியபாய்க்கு ஒரே பரபரப்பு. "உள்ள வாங்கக்கா. அண்ணனுக்க வீட்டை நான் எப்படி வச்சிருக்கேன்னு நீங்களே பாருங்க" என்று ஒவ்வோர் அறையாகக் கூட்டிப் போனாள். சுவரில் ஒரு கீறல் இல்லை. அடுக்களையில் புகைக்கரி இல்லை. ஒழுகிய இடத்தில் தானே ஆள் வைத்து ஓடு மாற்றியதையும் சொன்னாள். "மாடு இருக்கு, அதனால வீடு நாறிக் கிடக்கும்னு யாரும் சொல்லக்கூடாது பாருங்க. மாடு உண்டுன்னு சொன்னா எவனும் வீடு தரமாட்டான். அண்ணன் ஒருத்தர்தான் தந்தாரு."

பொன்னையன் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

சத்தியபாய் சாயா போட்டுக் கொடுத்தாள். தண்ணீர் கலக்காத பாலில் போட்ட சாயா. சரோஜம் கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு, அந்த வீட்டின் வெளிச்சத்தையும் கிழக்கே திறக்கும் ஜன்னலையும் பார்த்தாள். வீடு அவளுக்குப் பிடித்திருந்தது. பார்த்ததுமே பிடித்துப்போயிருந்தது. அதனால்தான் சத்தியபாயின் முகத்தைப் பார்க்காமலே சாயாவைக் குடித்து முடித்தாள்.

திரும்பி வரும்போது பொன்னையன், "மாசக் கடைசியில காலியாக்கித் தந்திடுவேன். அது என் பொறுப்பாக்கும்" என்றார்.

பஸ்ஸில் மோகனன் உற்சாகமாக இருந்தான். இத்தனை காலமும் வேண்டாம் என்றவன், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்ததிலிருந்து ஆள் மாறிவிட்டான். மேற்குப் பக்கம் ஒரு அறை கூட்டி இறக்கலாம், முன்னால் ஒரு கேட் வைக்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தான். சரோஜம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டீ? நீதானே வாங்கணும்னு நின்னது?"

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

"பொன்னையன் சொல்லுவாரு."

"சொல்லுவாரு. முற்றத்தில வந்து நின்னு சொல்லுவாரு."

மோகனன் மெல்லச் சொன்னான். "நாம வாங்கல்லன்னா வேற ஒருத்தன் வாங்குவான். அவன் வந்து அடுத்த நாளே மாட்டை அவுத்து ரோட்டில விடுவான். அப்பம் அந்தப் பொண்ணுக்கு என்ன லாபம்?"

சரோஜம் வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதும் அதையேதான் யோசித்தாள். அவன் சொன்னது சரி. ஆனால் விஜயம்மாவும் சரி, அதற்கு முன்பு இருந்தவர்களும் சரி, அவரவர் அளவில் எல்லாரும் சரிதான். சரியான காரணத்தோடுதான் எல்லாரும் அவளை எழுப்பிவிட்டார்கள். இப்போது அவள் முறை.

மறுநாள் மோகனன் டூட்டிக்குப் போனதும், யாரிடமும் சொல்லாமல் அவள் தனுவச்சபுரத்துக்குப் பஸ் ஏறினாள்.

சத்தியபாய் தொழுவத்தில் புல் போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா" என்று சிரித்தவளிடம் சரோஜம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். தாங்கள் பொன்னையனின் சொந்தக்காரர்கள் இல்லை. வீட்டை வாங்கப் பார்க்க வந்தவர்கள். அவர் விற்கப் போகிறார்.

சத்தியபாயின் கையிலிருந்த புல்கட்டு அப்படியே இருந்தது. மாடு தலையை நீட்டி அதிலிருந்து இழுத்துத் தின்றது.

"நேத்தைக்குச் சாயா குடிச்சிட்டுத்தானே போனீங்க?" என்றாள்.

"குடிச்சேன்."

"அப்பம் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும். நாக்கு எழும்பல்ல."

சத்தியபாய் புல்லைப் போட்டுவிட்டுத் தொழுவத்தின் கல்தூணில் சாய்ந்துகொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் சரோஜத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாங்க வாங்கினாலும் நீங்க உடனே போவ வேண்டாம். மாடு ஈனட்டும். தொழுத்து உள்ள வீடு கிடைக்கது வரை இருங்க. நாங்க வேற எங்கயாவது இருந்துக்கிடுவோம்" என்றாள் சரோஜம். இதை அவள் மோகனனிடம் கேட்கவில்லை. வரும் வழியில்தான் தோன்றியது.

"அது உங்களுக்க தயவு."

"தயவு இல்லை..."

"தயவுதான் அக்கா. நாளைக்கு நமக்குள்ள ஒரு பேச்சு வந்தா, 'உன்னை இருக்கவிட்டதே நான்'னு நீங்க நெனைப்பீங்க. வாயால சொல்ல மாட்டீங்க, மனசில நெனைப்பீங்க. தயவில நான் இருக்க மாட்டேன். வாடகைச் சீட்டு எழுதிக் குடுங்க, மாசாமாசம் வாடகை வாங்குங்க. அப்பம் இருப்பேன்."

அப்படித்தான் நடந்தது. மோகனன் முதலில் குதித்தான். "சொந்த வீட்டை வாங்கிட்டு வாடகை வீட்டுக்குப் போறவனை ஊரில எங்கயாவது பாத்திருக்கியா? டிப்போவில சிரிப்பானுவ" என்றான். சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் பத்திரம் முடிந்ததும் அவனே போய்ப் பாறசாலை ஸ்டேஷன் பக்கத்தில் ஒற்றை அறையும் அடுக்களையும் உள்ள ஒரு வீட்டைப் பிடித்துக் கொடுத்தான். ஆறாவது வீடு. சாமான்களில் பாதியைச் சதாசிவன் வீட்டில் போட்டு வைத்தார்கள்.

சத்தியபாய் ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் வாடகையோடு வந்துவிடுவாள். சரோஜம் அதை வாங்கித் தன் பணத்தோடு சேர்த்து, தான் இருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடம் வாடகையாகக் கொடுப்பாள். ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுக்கும்போது, தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் மாடு கிடாரிக் கன்று ஈன்றது. சேதி கேட்டு சரோஜம் பார்க்கப் போனாள். கன்று வெயிலில் தள்ளாடி நின்றது. அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டே திரும்பியவள் கண்ணில், கிணற்றுக்குக் கொஞ்சம் தள்ளிப் புதிதாக வெட்டியிருந்த சாணிக்குழி பட்டது.

"இதை யாரைக் கேட்டு இங்ஙன வெட்டினீங்க? கெணத்துத் தண்ணி கெட்டுப் போவாதா? அந்தப் பக்கம் மாத்தணும் கேட்டியா" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் குரல் காதில் விழுந்தது. விஷயம் நியாயம்தான். குழி கிணற்றுக்குப் பக்கம்தான். ஆனால் குரல் அவளுடையதாக இல்லை. இதுவரை மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவள், கடைசியில் 'கேட்டியா' என்றுவிட்டாள்.

சத்தியபாய் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். "மாத்திடலாம்" என்றாள். அக்கா என்று சேர்க்கவில்லை.

அதன் பிறகு சத்தியபாய் மும்முரமாக வீடு தேடத் தொடங்கினாள். சரோஜமும் தனக்குத் தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்தாள், உண்மையான அக்கறையோடுதான். அதோடு, சீக்கிரம் கிடைத்தால் நல்லது என்ற எண்ணமும் கலந்திருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவள் முயலவில்லை.

கிறிஸ்மஸ் கழிந்து, அதியன்னூரில் ஒரு வீடு கிடைத்தது. தொழுவம் சின்னது, ஒரு மாடுதான் கட்டலாம். பால் குடி மறந்ததும் கன்றை மாராயமுட்டத்தில் தன் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள் சத்தியபாய். சாவியைக் கொடுக்க வந்த அன்று சரோஜம் அவளை உட்காரவைத்துச் சாயா போட்டாள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, முழுவதும் குடித்தாள்.

"அந்த வீட்டுக்காரர் எப்படி?" என்று கேட்டாள் சரோஜம்.

"நல்ல மனுஷன்தான். எல்லாரும் நல்லவியதானே அக்கா" என்று சொல்லிவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

புது வீட்டுக்குக் குடி வந்த அன்று சரோஜம் சாக்கிலிருந்த வார்ப்பை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, அதில் பாயசம் வைத்தாள். டிப்போவிலிருந்து வந்தவர்கள் குடித்துவிட்டு வாழ்த்தினார்கள். மோகனன் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தான். மதில், கேட், மேற்குப் பக்க அறை. சதாசிவன் பக்கத்தில் நின்று, "இனி உனக்கும் ராத்திரி உறக்கம் கிடையாதுடா" என்றபோது மோகனன்தான் பலமாகச் சிரித்தான்.

மறுநாள் விடிந்ததும் முற்றத்தில் யாரோ கூப்பிடும் சத்தம். கதவைத் திறந்தாள். கையில் தூக்குப்பாத்திரத்தோடு முன்பின் தெரியாத ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"பால்காரி இல்லியா?"

"அவிய அதியன்னூருக்குப் போயிட்டாவ."

"ஓ, போயாச்சா?" அந்தப் பெண் தலையை நீட்டி வீட்டுக்குள் பார்த்தாள். "நீங்க வாடகைக்கு வந்திருக்கீங்களா?"

சரோஜம் வாயெடுத்தாள். இத்தனை வருஷமாக யாராவது கேட்டால் சொல்ல வேண்டும் என்று அவள் மனசுக்குள் வைத்திருந்த பதில் நாக்கு நுனிவரை வந்தது. "இங்கதான் இருக்கோம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, "பக்கத்தில பால் எங்க கிடைக்கும்னு தெரியுமா?" என்று கேட்டாள். சரோஜத்துக்குத் தெரியவில்லை. தனக்கும் காலைச் சாயாவுக்குப் பால் வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "கொஞ்சம் நில்லுங்க, நானும் வாறேன். யாருகிட்டயாவது கேப்போம்" என்று உள்ளே போய் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, அவளோடு ரோட்டுக்கு இறங்கினாள்.